அடி உயர்ந்த அரிசி டப்பா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நானும் சின்னவளும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் இங்கே எனக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கும். உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. கண்ணில் படலம் விழுந்ததிலிருந்து எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது, அதனால் இவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், ஒரு தடவை போதாமல் மறுபடியும் கேட்டேன், மூன்றாவது தடவை வாசிக்கச் சொன்னதும் "எத்தன தடவ வாசிச்சாலும் அதேதாம்மா எழுதியிருக்கு" என்றாள். நாள் முழுக்கச் சேர்த்து நாலு வார்த்தை பேசுகிறவள், அத்தனையையும் இதற்கே செலவழித்துவிட்டாள்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க் கதையில் மறந்துபோகும். கிடங்கு மேலாளர் உன்னைக் கிரேன் ஓட்டும் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார், ஆறு மாதம் பாதிச் சம்பளம், உன் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, அது முடிந்தால் இப்போது வாங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருக்கலாம். "அப்பாவோட பென்ஷன்ல மட்டும் ஆறு மாசம் ஓட்ட முடியுமா, உள்ளதச் சொல்லும்மா, முடியாதுன்னா நான் கையெழுத்துப் போடல, மூட்டை தூக்குறது எனக்குப் பழகிடுச்சு" என்றும் எழுதியிருக்கிறாயே, அந்தக் கடைசி வார்த்தைதான் ஒரு வாரமாக எனக்குள்ளே கிடந்து அறுக்கிறது. உன் அப்பாவும் இதையேதான் சொன்னார். இருபத்திரண்டு வருடம் பழகிடுச்சு பழகிடுச்சு என்றே தூக்கினார், கடைசி இரண்டு வருடம் அந்த முதுகைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அந்த முதுகை எனக்குத் தெரியும். உன் முதுகும் அதே அச்சுதான். அதனால் யோசிக்கவே யோசிக்காதே, கையெழுத்துப் போடு. நாங்கள் ஓட்டிவிடுவோம்.

எப்படி ஓட்டுவோம் என்று உனக்குக் கவலை இருக்கும், சொல்கிறேன். பென்ஷன் ஒன்றாம் தேதி வருகிறது, வந்த அன்றைக்கே வாடகையும் கரண்டும் போய்விடுகிறது, மீதியில் முதல் வேலையாக அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை இந்த ஐந்தையும் மாதத்துக்கு வாங்கிப் போட்டுவிடுகிறேன், அந்த ஐந்தும் வீட்டில் இருந்தால் மனிதர் சாகமாட்டார்கள். எண்ணெய்ப் பாட்டிலில் நான்கு நூல் கட்டியிருக்கிறேன், வாரத்துக்கு ஒரு நூல்தான் இறங்க வேண்டும், கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். காய்கறிக்குக் காலையில் போவதில்லை. சந்தை ஒரு மணிக்குக் கலைகிறது, பன்னிரண்டரைக்கு மேல் போனால் கூடையைக் கவிழ்க்கிற அவசரத்தில் பாதி விலைக்குத் தருகிறார்கள், கோஸின் மேல் இலையைச் சும்மாவே தருகிறார்கள், அதை நறுக்கி வதக்கினால் கோஸைவிட ருசியாகத்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைக்கிறேன். பேக்கரிக்காரன் முந்தின நாள் ரொட்டியைப் பையில் கட்டி மலிவு விலைக்கு வாசலில் வைக்கிறான், அதை ஆவியில் காட்டினால் புதிது போல ஆகிவிடும். மளிகைக் கடையில் ஓடு விரிசல் விட்ட முட்டையைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் "இந்தம்மா வர்ற நேரம் பாத்து முட்டை தானா விரிசல் விடுதுப்பா" என்று எல்லார் எதிரிலும் சொல்லிச் சிரிக்கிறார், சிரிக்கட்டும், முட்டைக்குள்ளே இருப்பது சிரிக்கவில்லையே. பருப்பு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்துவிடுகிறேன், ஒன்றரை மணி நேரத்தில் தானாக வெந்துவிடுகிறது, கேஸ் சிலிண்டர் முன்பு நாற்பது நாள் வந்தது, இப்போது அறுபது நாளைத் தொடுகிறது. அரிசி விஷயத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு டப்பா என்று உன் அப்பா வைத்த கணக்கு, நீ இருந்தபோது மூன்று, இப்போது இரண்டு, அது ஒருநாளும் குறைந்ததில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று உன் தங்கையே எண்ணுகிறாள், வேண்டுமானால் அவளைக் கேள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. போன மாதம் மாடிப்படியில் கால் தடுக்கி முட்டியில் சின்னச் சிராய்ப்பு, ஆறிவிட்டது, இவள் எழுதவேண்டாம் என்று நான் சொன்னாலும் எழுதிவிடுவாள் என்று நானே சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவி மூன்று வாரமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள், என்ன குற்றம் கண்டாளோ தெரியவில்லை, கேட்கலாம் என்றால் அதற்குள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி கேண்டீனில் மேற்பார்வை பார்க்கிற அக்கா வீட்டுக்கே வந்து, காலையில் ஐந்து மணி நேரம் காய் நறுக்க ஆள் வேண்டும், சின்னவளை அனுப்புகிறீர்களா என்று கேட்டாள். "இவ வாயே தெறக்க மாட்டாளே" என்றேன், "எனக்கு வாய் வேணாங்க்கா, கை போதும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவள் பத்தாம் வகுப்பைத் தனியாகவாவது எழுதி முடிக்க வேண்டும், ஒரு தடவை சம்பளம் கையில் பட்டுவிட்டால் புத்தகம் கைக்கு வராது. மணி பன்னிரண்டரை ஆகப்போகிறது, நான் சந்தைக்குப் போய்விட்டு வந்து மீதியைச் சொல்கிறேன், அதுவரை இவள் கைக்கும் ஓய்வு.

அண்ணா, இது நான், சுண்டெலி. அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் எழுத வேண்டும். மேலே இருப்பது அம்மா சொன்னதுதான், நான் ஒன்றையும் கூட்டவில்லை குறைக்கவில்லை. ஆனால் "வேண்டுமானால் அவளைக் கேள்" என்று அவள் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. "என்னடி, மை தீந்துடுச்சா" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன், பிறகுதான் அவள் கண்ணுக்கு அது தெரியாது என்று நினைவு வந்து வாயால் சொன்னேன்.

நீ போன புதிதில் ஒருநாள் அம்மா ஒரே டப்பா அரிசி போடுவதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டேன், அதிலிருந்து இரண்டு டப்பா விழுகிறதா என்று பக்கத்தில் நின்று எண்ணுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். அவளும் ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொல்லியே போடுவாள். நானும் நிம்மதியாக நகர்ந்துவிடுவேன். எனக்கு முதலில் தட்டு நிறையப் போட்டுத் தருவாள், "நீ சாப்புடு, நான் அடுப்பத் தொடச்சுட்டு வரேன்" என்பாள், நான் கை கழுவி வருவதற்குள் அவள் தட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். இரண்டு டப்பா போட்டாயிற்று என்று எனக்குத் தெரியும் அல்லவா, அதனால் சந்தேகமே வந்ததில்லை.

போன மாதக் கடைசியில், பென்ஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அரிசி தீர்ந்துவிட்டது. தையல்காரர் மனைவியிடம் மூன்று டப்பா கடன் வாங்கினோம். அவர்கள் வீட்டிலும் நம் வீட்டில் இருக்கிற அதே பால் டப்பாதான், அதே கம்பெனி, அதே அளவு. ஒன்றாம் தேதி அரிசி வந்ததும் அம்மா வாடகை கொடுக்கப் போயிருந்தாள், அவள் வருவதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்று நானே நம் டப்பாவால் மூன்று அளந்து பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் படியேறி வருவதற்குள் தையல்காரர் மனைவி பின்னாலேயே கூப்பிட்டாள். அவள் டப்பாவில் அளந்து பார்த்திருக்கிறாள். இரண்டு டப்பாவும் ஒரு கைப்பிடியும்தான் இருந்தது. "ஏம்மா, எங்க வீட்டு டப்பா மூணு, உங்க வீட்டுக்குப் போனா ரெண்டாயிடுமா? சலவைக்குப் போட்ட துணி மாதிரி சுருங்கிப்போச்சா உங்க டப்பா?" என்று கேட்டாள். அவள் கடைசிப் பையன் வாசலில் நின்று சிரித்தான். நான் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பேசாம நின்னா ஆச்சா, இந்தப் பூனையும் பால் குடிக்கும்போல" என்று வேறு சொன்னாள்.

மேலே வந்து டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். எப்போதும் அரிசித் தகரத்துக்குள்ளேயே கிடக்கிற டப்பா, உள்ளே அரிசி ஒட்டியிருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விரலை விட்டுப் பார்த்தால் அடி வழக்கத்தைவிட மேலே இருந்தது. மெழுகு, அண்ணா. மெழுகை உருக்கி ஊற்றி அடியை ஒன்றரை விரல் உயர்த்தியிருக்கிறாள். கரண்ட் போகிற நாட்களுக்கு வாங்கிவைத்த மெழுகுவர்த்தியில் நான்கு காணாமல் போனபோது எலி மேல் பழியைப் போட்டோமே, நீகூட என்னைத்தான் கிண்டல் செய்து எழுதினாய், அதுதான் இது. தண்ணீரையும் அதே டப்பாவால் அளப்பதால் சோறு ஒருநாளும் குழைந்ததும் இல்லை, விறைத்ததும் இல்லை, கண்டுபிடிக்க வழியே இல்லாமல் செய்திருக்கிறாள். நான் எண்ணுகிறேன் என்பதற்காகவே செய்திருக்கிறாள். குறைந்த அரிசி முழுக்க அவள் தட்டில்தான் குறைந்திருக்கிறது, என் தட்டு என்றைக்கும் நிறைந்துதான் இருந்தது.

மீதி அரிசியை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டுபோய்த் தையல்காரர் மனைவி வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஏன் குறைந்தது என்று சொல்லவில்லை, சொன்னால் அம்மா பட்டினி கிடக்கிறாள் என்று படிக்கட்டு முழுக்கத் தெரிந்துவிடும், அதைவிட நான் திருடி என்று இருப்பது மேல் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் திருப்புவதற்கு அதுதான் காரணம். மாடிப்படியில் அம்மாவுக்குக் கால் தடுக்கவும் இல்லை. தலை சுற்றி உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள், அன்றைக்குக் காலையிலிருந்து தேநீர் மட்டும்தான் குடித்திருந்தாள், தேயிலை இரண்டாம் தடவை கொதித்தது. இருபத்து மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டு இருக்கிறேன். நானும் பசிக்கவில்லை என்று பாதித் தட்டை நகர்த்திப் பார்த்தேன், "சாப்பாட்ட வீணாக்காதடி" என்று திட்டித் திட்டி ஊட்டிவிடவே வந்துவிட்டாள்.

இப்போது நீ உள்ளதைச் சொல் என்று கேட்டிருக்கிறாய். கையெழுத்துப் போடாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அப்பாவின் முதுகைத் துடைத்துவிட்டவள் நான். போடு என்று எழுதவும் கை வரவில்லை. நீ பணம் அனுப்புகிறபோதே அவள் தட்டு இப்படி இருக்கிறது, அது நின்றால் மெழுகு இன்னும் ஒரு விரல் ஏறும், அவ்வளவுதான். கேண்டீன் அக்கா வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் நிற்க வேண்டாமே என்று. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா வந்ததும் வழக்கம்போல் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்வாள், வாசித்துக் காட்டாமல் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இந்தப் பக்கத்தைத் தாண்டி வாசித்துவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது, அது அவ்வளவு சுலபம். அவள் டப்பாவில் செய்ததை நான் கடிதத்தில் செய்கிற மாதிரி ஆகிவிடும். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

பெரியவனே, மறுபடியும் அம்மா. இனி நான் சொல்வதைத்தான் இவள் எழுதுகிறாள், இடையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தை எழுத முடியாது.

பையை இறக்கிவைத்துவிட்டு எங்கே விட்டோம், முதலிலிருந்து வாசி என்றேன். முட்டை, எண்ணெய் நூல் எல்லாம் சரளமாக வாசித்தாள், கேண்டீன் அக்கா வரைக்கும் வந்துவிட்டு நின்றாள். தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதானா என்றேன். "இல்லம்மா, இன்னும் இருக்கு" என்றாள், நான் சொல்லாதது எப்படி இருக்கும் என்று கேட்டேன், இவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வரியையும் விழுங்கவில்லை. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "கிழிச்சுப் போடு அத" என்றேன். "நீ சொன்னதோட பின்பக்கத்துலதாம்மா எழுதியிருக்கேன், கிழிச்சா ரெண்டும் போயிடும், மறுபடி எழுத அவ்வளவு தாளும் இல்ல" என்றாள். தாளை மிச்சம் பிடிக்க இருபக்கமும் எழுது என்று கற்றுக்கொடுத்தவளே நான்தான், இப்போது அதுவே என் காலை வாரிவிட்டது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். டப்பாவை எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்துக் கத்தி முனையால் நெம்பினேன். மெழுகு வட்டமாக அப்படியே கழன்று வந்தது, டப்பாவின் அடியில் பொறித்திருக்கிற எழுத்தெல்லாம் அதில் திருப்பிப் பதிந்திருந்தது, விரலால் தடவிப் பார்த்தேன். ஏழு மாதமாக நான் சாப்பிடாத சோறு இந்தத் தடிமன்தான். தூக்கிப் போடவில்லை, கரண்ட் போனால் நடுவில் ஒரு திரி வைத்தால் எரியும். உன் தங்கை இதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறாள், எழுது என்றால் எழுதாமல் சிரிக்கிறாள்.

அந்தக் கையோடு டப்பாவையும் மெழுகையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் பட்டினி படிக்கட்டு முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை, என் பெண்ணைத் திருடி என்று ஒருத்தி நினைத்துக்கொண்டு நான் மேலே உட்கார்ந்து சோறு திங்க முடியாது. தையல்காரர் மனைவி கதவைச் சாத்தப் பார்த்தாள், நான் டப்பாவை இடுக்கில் வைத்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "இத அன்னிக்கே வாயத் தெறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதாக்கா அந்தப் புள்ள, நான் பாட்டுக்கு என்னவெல்லாம் பேசிட்டேன்" என்றாள். அப்புறம் மெழுகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் அடுத்த தடவ என் டப்பாவுலயே அளந்து குடுத்துடுங்க" என்றாள். அவள் அப்படித்தான், இரக்கம் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இப்போது நீ கேட்டதற்கு மறுபடியும் பதில் சொல்கிறேன். முதல் பக்கத்தில் சொன்னது முழுப் பொய் இல்லை, அரைப் பொய். இந்த விலைவாசியில் வாடகை போக இருக்கிற பென்ஷன் இரண்டு பேருக்கு இருபது நாள் தாங்கும். மீதிப் பத்து நாளை உன் பணமும் என் வயிறும் பார்த்துக்கொண்டன. உன் பணம் நின்றால் அந்தப் பத்து நாளுக்கு வேறு வழி வேண்டும், என் வயிற்றில் இனி இடம் இல்லை, அன்றைக்குப் படியில் சரிந்தபோதே எனக்கு அது தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மனம் இல்லை. நான் விழுந்து கிடந்தால் இவளுக்கு யார் என்று நினைத்துப் பார்க்காமல்தான் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கிறேன்.

"நான் கேண்டீனுக்குப் போறேம்மா" என்று இவளே சொன்னாள். அங்கே காலை ஐந்து மணி நேர வேலைக்குக் கூலியும் ஒரு வேளைச் சாப்பாடும் உண்டு. எனக்கு மனசே இல்லை. அப்பாவுக்காக ஒரு தடவை பள்ளிக்கூடத்தை விட்டாள், உனக்காகவும் எனக்காகவும் இன்னொரு தடவை புத்தகத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. மதியத்துக்கு மேல் படிப்பேன் என்கிறாள், நின்றுகொண்டே ஐந்து மணி நேரம் வெங்காயம் நறுக்கிவிட்டு வருகிற கண்ணுக்குப் புத்தகம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "ஆறு மாசம்தான், உங்க அண்ணன் கிரேன் மேல ஏறுற அன்னிக்கு நீ கேண்டீன விட்டு எறங்கணும்" என்று சொல்லி ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போய் அந்த அக்காவிடம் விடப்போகிறேன். கூலி எவ்வளவு என்று இன்னும் கேட்கவில்லை, பத்து நாள் ஓட்டையை அது அடைக்குமா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். எப்படியும் மாதக் கடைசியில் ஒன்றிரண்டு நாள் இழுபறியாகத்தான் இருக்கும். என் கண் ஆபரேஷனை இந்த வருடம் பேச வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன், அதை நீ வேறு யார் மூலமாகவோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஆக, உன் ஒரு கையெழுத்தில் மூன்று பேர் கை இருக்கிறது. போடு என்றுதான் இப்போதும் சொல்வேன், உன் முதுகு எனக்கு வேண்டும். ஆனால் தெரிந்து போடு. எல்லாம் நிறைந்து கிடக்கிறது என்று நான் சொன்னதை நம்பிப் போடாதே. வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதற்காகவும் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன், சின்னவளும் சொல்லமாட்டாள், அவள் என்றைக்கு யாரைச் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு மெழுகில்லாத டப்பாவால் ஒன்றரை டப்பா போட்டோம். இரண்டு போட இன்னும் எனக்குக் கை வரவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை, ஒன்று, அரை என்று சத்தமாகச் சொல்லித்தான் போட்டேன். தட்டில் போட்டது இவள். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துப் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் ஒரு வாய்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பைத் துடைக்க எழுந்தேன், "அடுப்பு எங்கயும் ஓடிப்போகாதும்மா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். கோஸ் இலையும் உடைந்த முட்டையும்தான், மூன்று வாய்க்குப் பிறகு எனக்கு ஒரு மாதிரி வயிறு வலித்தது, பழக்கம் விட்டுப்போச்சு போல.

கடைசியாக ஒன்று. இவள் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வாசித்தாள். பதினான்கு மாதமாக எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி இருக்கிறது, "நான் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்." ஒரு எழுத்துகூட மாறவில்லை என்கிறாள். அப்போதெல்லாம் அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்குக் கேட்டபோது, ஒன்று, இரண்டு என்று நான் சத்தமாகச் சொல்லி அரிசி போட்ட மாதிரியே இருந்தது. அடுத்த கடிதத்தில் அந்த வரி வேண்டாம். காலையில் என்ன, மதியம் என்ன, இரவு என்ன, எந்த வேளை இல்லை, அதை எழுது. நீ என் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரிந்த வித்தை உனக்குத் தெரியாமல் இருக்காது. உன் டப்பாவின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுது.

இருபதாம் தேதியை மறந்துவிடாதே. குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த முதுகோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
(கையெழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கும், நான் போட்டதுதான்)

எழுதியதும், ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டியதும்:
சுண்டெலி